சொல்லிச் சொல்லி வழவழப்பான கதை

பெரிய அதிர்ச்சி ஒன்றைக் கடந்து வந்தவர் தெரபிக்குப் போய் உட்காரும்போது, அந்தக் கதையை அங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அதற்குள் அது பல காதுகளுக்குப் போய் வந்திருக்கும். வீட்டில் சொல்லியிருப்போம், ஆபீசில் சொல்லியிருப்போம், நலம் விசாரிக்க வந்தவர்களிடம் சொல்லியிருப்போம். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம்கூடச் சொல்லியிருப்போம். கேட்டவர்கள் ஒவ்வொருவரும் பதிலுக்கு ஏதோ ஒன்று சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, அடுத்த தடவை சொல்லும்போது நம்மை அறியாமல் எதையோ சேர்த்திருப்போம், எதையோ விட்டிருப்போம். கடைசியில் தெரபிஸ்ட்டின் முன்னால் போய் விழுவது பல கைகள் பட்டுத் தேய்ந்த கதை.

என்னுடையது ஒரு பேருந்து விபத்து. இரவுப் பயணம், அரைத் தூக்கம். பேருந்து பக்கவாட்டில் கவிழ்ந்தது. சிலர் இறந்துபோனார்கள். என் பக்கத்து இருக்கையில் இருந்தவரும் அவர்களில் ஒருவர். எனக்கு இடது முன்கையில் எலும்பு முறிவு, நெற்றியில் தையல்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் பேசிய அளவுக்கு என் வாழ்க்கையில் வேறெப்போதும் பேசியதில்லை. போலீஸ்காரர் நேரம், இருக்கை எண், வேகம், ஓட்டுநர் போன் பேசிக்கொண்டிருந்தாரா என்பதையெல்லாம் கேட்டார். இன்சூரன்ஸ் படிவத்துக்குக் காயங்கள் மட்டும் போதும். டாக்டருக்கு எலும்பு முறிந்த விதம். சொந்தக்காரர்களுக்கு வேண்டியது கதையின் முடிவு: இப்போது நன்றாக இருக்கிறேனா இல்லையா. மேனேஜருக்கு எப்போது வேலைக்கு வருவேன் என்பது. ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்ட துண்டைக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் அதை நன்றாகவே சொல்ல வந்துவிட்டது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்றெல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு நகைச்சுவைகூட உண்டு. ஆம்புலன்ஸில் ஏறும்போது என் காலில் ஒரு செருப்பு, கையில் யாருடையதோ இன்னொரு செருப்பு. ஏன் அதை எடுத்தேன், எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. இதைச் சொன்னதும் கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அவர்கள் சிரித்தால் எனக்கும் அப்பாடா என்றிருக்கும். கதையை அங்கேயே முடித்துவிடலாம்.

இப்படிச் சொல்லித் தீர்ப்பது மனிதர்களுக்கு இயல்பு. பெல்ஜிய நாட்டு உளவியலாளர் பெர்னார் ரீமே இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். மனதை உலுக்கும் சம்பவங்களில் 80 முதல் 95 சதவீதம் வரை யாரிடமாவது சொல்லப்பட்டுவிடுகின்றன, அதிலும் பாதிக்கு மேல் அன்றைக்கே சொல்லப்படுகின்றன என்று அவருடைய குழு கண்டது. வெட்கமும் குற்ற உணர்ச்சியும் கலந்த சம்பவங்கள்தான் வெளியே வரத் தயங்குகின்றன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அவரும் எம்மனுவெல் ஸெக்கும் 2005-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு. ஒரு துயரத்தைப் பற்றிப் பேசியவர்கள், பேசியது நன்றாக இருந்தது, உதவியாக இருந்தது என்றார்கள். ஆனால் அந்த நினைவு கிளப்பும் வேதனையை அளந்து பார்த்தால், பேசாதவர்களைவிட அது குறைந்திருக்கவில்லை.

படித்ததும் எனக்கு ஒரு பெரிய குழப்பம் தீர்ந்தது. பேசிய சாயங்காலம் மனசு லேசாக இருக்கும். அது பொய்யில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அதே டீசல் வாடை மூக்கில் ஏறி எழுந்து உட்கார்வேன், அதுவும் பொய்யில்லை. யாரோ ஒருவர் கூட இருக்கிறார் என்ற ஆறுதல் ஒரு கணக்கு, அந்த நினைவுக்குள் என்ன நடக்கிறது என்பது வேறு கணக்கு. முதல் கணக்கில் வரவு வைத்ததை இரண்டாவதில் கழிக்க முடியவில்லை என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?

என் பெரியப்பா ரொம்ப நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர் அவர்தான். என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்மா, விடு" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் தலையாட்டினேன். ஆனால் எனக்குள் ஓடியது, பக்கத்து இருக்கைக்காரருக்குத் தலைப்பாகையோடு போகவில்லையே என்பதுதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? என்மேல் இருந்த பாசத்தில் அவர் சொன்ன வார்த்தை, அதை மறுத்தால் அந்தப் பாசத்தை மறுப்பதாக ஆகிவிடும். அதனால் அன்றிலிருந்து அவரிடம் சொல்லும் கதையில் பக்கத்து இருக்கைக்காரர் வரவே மாட்டார்.

இன்னொருவர், "நடந்தது நடந்துபோச்சு, அதையே நினைச்சிட்டு இருக்காதே" என்றார். நான் என்னவோ உட்கார்ந்து வேலையற்று நினைத்துக்கொண்டிருப்பது மாதிரி. அது தானாக வருகிறது, நான் கூப்பிடவில்லை என்று விளக்கப்போய், அந்த விளக்கமே 'அதையே நினைப்பதற்கு' சாட்சியாகிவிட்டது. ஒரு நண்பர் தனக்கு நடந்த பைக் விபத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அரைமணி நேரம் நான் அவரைத் தேற்றினேன். ஒருவர் "ராத்திரி பஸ்ஸில் ஏன் போனாய்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. ஊருக்குப் போக வேண்டியிருந்தது, போனேன்.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்கும் விஷயம் தாங்க முடியாததாக இருந்தால், அதைச் சீக்கிரம் மூடிவைக்கத்தான் யாருக்கும் கை போகும். ஆனால் அதன் விளைவு கேட்பவரோடு முடிவதில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை வெளியே சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் சாரா உல்மன் நீண்ட காலம் ஆராய்ந்தார். 2000-இல் அவர் உருவாக்கிய கேள்வித்தாளில் மோசமான எதிர்வினைகள் வகை பிரிக்கப்பட்டிருக்கின்றன. பழி போடுவது. பேச்சை மாற்றி மறக்கச் சொல்வது. தான் முந்திக்கொண்டு எல்லா முடிவையும் எடுத்துவிடுவது. சொன்னவரை ஆறுதல் சொல்ல வைக்கும் அளவுக்குத் தானே உடைந்துபோவது. அதற்குப் பிறகு அவரை வேறு மாதிரி நடத்துவது. இப்படிப்பட்ட எதிர்வினைகளைச் சந்தித்தவர்களிடம் பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநலப் பாதிப்பு) அறிகுறிகள் கூடுதலாக இருப்பதை அவருடைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. நல்ல எதிர்வினையின் நன்மையைவிட மோசமான எதிர்வினையின் கேடுதான் அந்த எண்களில் பளிச்சென்று தெரிகிறது.

அதற்காக யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உளவியலாளர் கிறிஸ் ப்ரூயினும் மற்றவர்களும் 2000-இல் 77 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். யாருக்கு பி.டி.எஸ்.டி. வருகிறது, யாருக்கு வருவதில்லை என்பதைப் பொறுத்தவரை, சம்பவத்துக்கு முன்னால் ஒருவர் எப்படி இருந்தார் என்பதைவிட, சம்பவத்துக்குப் பிறகு பக்கத்தில் ஆள் இருந்ததா என்பதற்கு எடை அதிகம் என்று தெரிந்தது. ஆள் வேண்டும். எந்த ஆள், எவ்வளவு சொல்வது என்பதுதான் சிக்கல்.

என்னால் விபத்து என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடிகிறது. விபத்து, சபையில் சொல்லக்கூடிய கதை. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை, யாருடைய மானமும் போகவில்லை, குடும்பத்தில் யாரும் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்கவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒருவரால் துன்புறுத்தப்பட்டவருக்கு நிலைமையே வேறு. அவர் முதலில் யாரிடம் சொல்கிறாரோ, அந்த ஆள் நேராகக் குற்றம் செய்தவரிடமே போய் "இப்படி ஒரு பேச்சு வந்ததே" என்று கேட்டுவிடக்கூடும். அங்கே நம்பிக்கையான ஆள் என்றால் அன்பானவர் என்று மட்டும் பார்க்க முடியாது. அந்தப் பக்கத்தோடு ஒட்டு உறவு இல்லாதவராகவும் இருக்க வேண்டும். சில சமயம் வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு டாக்டரோ, உதவி எண்ணின் மறுமுனையில் இருப்பவரோ அத்தையையும் மாமாவையும்விடப் பாதுகாப்பானவர்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நல்ல எண்ணம் கொண்ட தன்னார்வலர்கள் சிலர் வந்தார்கள். விபத்தில் தப்பியவர்களை வட்டமாக உட்கார வைத்து, "மனசுல இருக்கிறத எல்லாம் கொட்டிடுங்க" என்றார்கள். ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பேசிய ஒரு அம்மா, நான் பார்த்திராத ஒன்றைப் பார்த்திருந்தார். அதை அவர் விவரித்தார். அதற்குப் பிறகு என் கனவில் நான் பார்க்காததும் சேர்ந்து வர ஆரம்பித்தது.

இதை நான் அப்போது என் பலவீனம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, இதற்கு ஒரு வரலாறே உண்டு. 1983-இல் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர், தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போன்றோருக்காக ஒரு குழு உரையாடல் முறையை எழுதினார். அது பரவி, எந்த விபத்து நடந்தாலும் உடனே எல்லோரையும் உட்கார வைத்துப் பேச வைக்கும் பழக்கம் பல நாடுகளில் வந்தது. தீக்காயத்தோடு மருத்துவமனையில் இருந்தவர்களிடம் இதே மாதிரி ஒரே ஒரு அமர்வு பேச வைத்துப் பார்த்த ஆய்வு 1997-இல் வெளியானது. 13 மாதம் கழித்து, பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது. பேச வைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். பேச வைக்கப்பட்ட குழுவுக்குக் காயம் ஆரம்பத்திலேயே கொஞ்சம் கடுமை என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2002 தொகுப்பாய்வு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இது பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதாகச் சான்று இல்லை, கட்டாயமாக இதைச் செய்வதை நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் நெருக்கக் கூடாது என்கிறது. பார், கேள், உதவியோடு சேர்த்துவிடு: இந்த மூன்றுதான் அதன் சாரம். தண்ணீர், போர்வை, வீட்டுக்கு ஒரு போன். சொல்ல விரும்பினால் கேட்பது. அவ்வளவு போதும்.

முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும், திடுக்கிடுவதும், அழுகை முட்டுவதும் பெரும்பாலானோருக்கு வந்து தானாக அடங்குகிறது. பி.டி.எஸ்.டி. என்று பெயர் வைப்பதே ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால்தான். எனக்கு அடங்கவில்லை.

என் தோழி ஒருத்தி. பெயர் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள், நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஏதோ லாரி பிரேக் போட்ட சத்தம். நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, போனை எடுத்துச் சத்தத்தை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். "சொல்லணும்னா சொல்லு. இல்லன்னா நாம துணி மடிக்கலாம்" என்றாள்.

நான் வழக்கமான கதையை ஆரம்பித்தேன். செருப்பு இடம் வந்தது. எல்லோரும் சிரிக்கும் இடம். அவள் சிரிக்கவில்லை. "அதுக்கு முன்னாடி?" என்றாள். நான் ஒரு துண்டை எடுத்து மடித்தேன். அதை உதறித் திரும்பவும் மடித்தேன். அப்புறம்தான் அது வெளியே வந்தது. பேருந்து சாய்ந்து கிடக்கிறது, ஜன்னல் தலைக்கு மேலே இருக்கிறது, பக்கத்து இருக்கைக்காரர் என் துப்பட்டாவைப் பிடித்திருக்கிறார், நான் அதைக் கழுத்திலிருந்து உருவி அவர் கையிலேயே விட்டுவிட்டு ஏறிவிட்டேன்.

"உன் தப்பு இல்லடி" என்று அவள் உடனே சொல்லியிருந்தால் நான் கதவை மூடியிருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதை இத்தனை மாசமா தனியாவா வச்சிருந்த?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மீதித் துணிகளை மடித்து முடித்தோம்.

அடுத்த வாரம் அவளே பேசினாள். அந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை: "நீ எப்ப சொன்னாலும் கேப்பேன். ஆனா இதுக்கு நான் மட்டும் பத்தாதுன்னு தோணுது. நானே அன்னிக்கு ராத்திரி தூங்கல." எனக்கு முதலில் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், எனக்குக் கிடைத்ததிலேயே நேர்மையான பதில் அதுதான். கேட்பவருக்கும் வலிக்கும் என்பதை மருத்துவமே ஒப்புக்கொள்கிறது. நெருங்கிய உறவினருக்கோ நண்பருக்கோ நேர்ந்த கொடூரத்தையோ விபத்தையோ கேள்விப்படுவதும் பி.டி.எஸ்.டி.க்குக் காரணமாகலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 வரையறை சொல்கிறது. என்னை விட்டுப் போகாமலே தன் எல்லையைச் சொன்னாள் அவள். தெரபிஸ்ட்டைத் தேடிப் பெயர்களை எழுதி வைத்ததும், போன் பேச என் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள்தான்.

அந்த போனில் நான் விபத்தைப் பற்றி எதுவுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலிலேயே எனக்கு இது தெரிந்திருந்தால் மாதக்கணக்கில் மிச்சமாகியிருக்கும். உதவி கேட்க, நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. இப்போது என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால் போதும். "சில மாதங்களுக்கு முன்னால் ஒரு விபத்து. அதற்கப்புறம் தூக்கமில்லை, சத்தம் கேட்டால் நடுங்குகிறேன், பேருந்தில் ஏற முடியவில்லை." இவ்வளவுதான் நான் சொன்னது. வீட்டிலும் ஆபீசிலும்கூட இந்த மூன்று வரி போதும். "என்ன ஆச்சு?" என்று கிளறினால், "அதை இப்போ பேச முடியல, ஆனா இந்த உதவி வேணும்" என்று சொல்லலாம். அம்மா அப்பாவிடம்கூட அப்படிச் சொல்லலாம். அது பொய்யும் இல்லை, மறைப்பதும் இல்லை.

முழுசாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றால், பெரிய விஷயத்துக்கு முன்னால் சின்ன விஷயத்தைச் சொல்லிப் பார்க்கலாம். "ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது" என்று சொன்னால் அவர் என்ன செய்கிறார்? உடனே வைத்தியம் சொல்கிறாரா, தன் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறாரா, மறுநாள் இன்னொருவர் வாயிலிருந்து அது திரும்பி வருகிறதா, அல்லது "எத்தனை நாளா?" என்று கேட்கிறாரா? அதிலேயே பாதி தெரிந்துவிடும். சொல்வதற்கு முன்னால், "யோசனை எதுவும் வேண்டாம், கேட்டால் போதும்" என்று சொல்லிவிடுவதும் நல்லது. கேட்பவருக்கே அது நிம்மதி. எதையாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்ற பதற்றம் அவருக்கும் போய்விடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதை மட்டும் நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நாற்பது பேரின் கைகூப்பும் இமோஜிகளுக்கு நடுவே ஒருவர் கேட்கும் ஒரு குத்தல் கேள்விதான் மனசில் தங்கும். அனுப்பியது அனுப்பியதுதான், திரும்ப வராது.

இந்தத் தேர்வெல்லாம் அவகாசம் இருப்பவர்களுக்கு. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிற அளவுக்கு ஒருவர் போயிருந்தால், சரியான ஆள், சரியான வார்த்தை என்று பார்க்க வேண்டியதே இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம், எப்படி வருகிறதோ அப்படி, அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

தெரபிஸ்ட் என்னிடம் கதையைக் கேட்பார் என்று நினைத்துத் தயாராகப் போனேன். அவர் கேட்கவில்லை. தூக்கம் எப்படி, எந்த வழியாகப் போவதைத் தவிர்க்கிறேன், வீட்டில் யார் யார், தற்கொலை எண்ணம் உண்டா, இப்படியே போனது முதல் அமர்வு. பிறகு இன்னொன்று கேட்டார்: "இதைக் கேட்டவங்க என்னென்ன சொன்னாங்க?" பெரியப்பா சொன்னது, ராத்திரி பஸ்ஸில் ஏன் போனாய் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இதற்கும் சிகிச்சைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அவர் பயன்படுத்தியது உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய ப்ரோலாங்டு எக்ஸ்போஷர் முறை, அதாவது ஒதுக்கி வைத்த நினைவைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வது. வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். முதல் ஓரிரு அமர்வுகளில் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. அறிகுறிகள் ஏன் வருகின்றன, மூச்சை எப்படி நிதானப்படுத்துவது போன்றவைதான். அப்புறம்தான் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பது போல, "நான் ஏறுகிறேன், நான் பார்க்கிறேன்" என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதைப் பதிவுசெய்து வீட்டில் கேட்க வேண்டும். இது எல்லோருக்கும் ஒத்துவரும் என்று இல்லை. ஃபிரான்சின் ஷப்பிரோ 1989-இல் அறிமுகப்படுத்திய, கண்ணசைவுகளோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். முறையில் நடந்ததை இவ்வளவு விரிவாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவே முடியாது என்று பயந்து தெரபிக்குப் போகாமல் இருப்பவர்களுக்கு இந்த ஒரு தகவலே பெரிய விஷயம். எந்த முறை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

நான் என் வழவழப்பான கதையைத்தான் முதலில் சொன்னேன். செருப்பு உட்பட. சொல்லும்போது பயத்தின் அளவை 0 முதல் 100 வரை கேட்பார். நான் 40 என்றேன், 35 என்றேன். நன்றாகச் சமாளிக்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட. அவர் மெதுவாக, "ஜன்னல்கிட்ட வந்துட்டீங்க. அதுக்கு முன்னாடி போவோம். கை எங்க இருக்கு?" என்றார். அவ்வளவுதான், எண் எங்கேயோ போய்விட்டது.

உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். சிலர் தங்களுக்கு நேர்ந்த துயரத்தின் விவரங்களை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும். இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் டாக்டரிடம் போனது குறைவு. எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனசு இன்னும் பாரமாகத்தான் இருந்தது. வெறும் விவரங்களை மட்டும் எழுதியவர்களுக்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை. போலீஸ்காரருக்கும் இன்சூரன்ஸுக்கும் பெரியப்பாவுக்கும் நான் சொல்லிக்கொண்டிருந்தது அந்த வெறும் விவர வகை. அது என்னைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கதை இல்லாமல் நான் அந்த மாதங்களில் யார் முகத்தையும் பார்த்திருக்க முடியாது.

"கை எங்க இருக்கு?" என்று அவர் கேட்டது துப்பட்டாவைப் பிடித்த கையைப் பற்றி என்று நான் நினைத்தேன். அவர் கேட்டது என் கையை. நான்காவதோ ஐந்தாவதோ முறை சொல்லும்போதுதான் அது எனக்கே உறைத்தது. என் இடது கை உடைந்திருந்தது. ஒரே கையால் தலைக்கு மேல் இருந்த ஜன்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். இன்னொரு கையால் அவரை இழுத்திருக்கலாம் என்று இத்தனை மாதமும் என்னை நானே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேனே, அந்த இன்னொரு கைதான் உடைந்த கை.

இந்தத் தகவல் எனக்குப் புதிதா? எக்ஸ்ரே என் பையில்தான் இருந்தது. டாக்டரிடம் சொன்ன கதையில் கை உண்டு, அதில் பக்கத்து இருக்கைக்காரர் இல்லை. தோழியிடம் சொன்ன கதையில் அவர் உண்டு, அதில் என் கை இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துண்டாகக் கொடுத்ததில், இந்த இரண்டு துண்டும் ஒரே வாக்கியத்தில் சந்தித்ததே இல்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, நானும் ஒளிக்கவில்லை. கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னால் அப்படித்தான் பிரிந்துபோகும்.

அந்த மனிதர் இறந்தது மாறவில்லை. துப்பட்டாவை உருவியதும் மாறவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிற்றில் ஏதோ பிசையும். போனது, "நினைத்திருந்தால் இழுத்திருக்கலாம்" என்று நானாக அதற்குப் பக்கத்தில் எழுதி வைத்திருந்த வரி. கேட்டவர்கள் சொன்னதையெல்லாம் தெரபிஸ்ட் ஏன் எழுதிக்கொண்டார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. "ராத்திரி பஸ்ஸில் ஏன் போனாய்" என்ற கேள்வி அந்த வரிக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. விபத்தோடு சேர்த்து, விபத்தைப் பற்றி மற்றவர்கள் சொன்னதற்கும் சிகிச்சை தேவைப்பட்டது.

பெரியப்பாவிடம் துப்பட்டா விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்வதாகவும் உத்தேசம் இல்லை. அவருக்கு நான் பிழைத்துவிட்டேன் என்ற கதையே போதும், அவரிடமிருந்து எனக்கும் அந்தப் பாசமே போதும். அண்ணனிடம் சொன்னேன், அதற்கு முன்னால் "கொஞ்சம் கஷ்டமான விஷயம், இப்போ கேக்க முடியுமா?" என்று கேட்டேன். அவன் ஆபீசில் இருந்தான், சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றான். கூப்பிட்டான். தோழிக்கு முழுசாகத் தெரியும். மற்றவர்கள் யாராவது நெற்றித் தழும்பைப் பார்த்துக் கேட்டால், ஒரு விபத்து, இப்போது பரவாயில்லை என்கிறேன். செருப்புக் கதையைக் கேட்டால் அதையும் சொல்கிறேன், இப்போதும் அது சிரிக்கக்கூடிய கதைதான்.